ஐநூற்றோராவது யூனிட்

கரண்டைக் கண்டுபிடித்தவர்கூட அதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். கள்ளக்குறிச்சியில் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஐநூறு அவ்வளவு கவலைப்பட்டார். உட்கார்ந்து கவலைப்பட்டார், நின்று கவலைப்பட்டார். எப்போதும் லைட் போடாமல் கவலைப்பட்டார்.

நிஜப் பெயர் தெரியாது. ஒரே ஒருமுறை தெரிந்தது. அது பிறகு வரும்.

நான் சென்ட்ரிங் வேலை செய்கிறவன். பலகை அடிப்பேன், முட்டுக் கொடுப்பேன், காங்கிரீட் காய்ந்ததும் பிரிப்பேன். எட்டாவது வரை படித்தேன். பேச்சு அதிகம் வராது. ஐநூறைப் பற்றி என்றால் மட்டும் நாலு வார்த்தை கூடுதலாக வரும்.

கச்சிராயபாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. நாலு போர்ஷன், ஒரு நடை, ஒரு மீட்டர். வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் இருந்தார். தனித்தனி மீட்டர் கேட்டால் "பாக்கலாம்" என்பார். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் போர்ஷனில் செருப்புக்கடை பாய், அவர் மனைவி, மகள் ஷபானா. அடுத்தது அஞ்சலை அக்கா. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மூன்றாவது நானும் என் மனைவி செல்வியும் மூன்று மாதக் கைக்குழந்தையும். கடைசியில் ஐநூறு. தனி ஆள். எடை மேடையில் வேலை. மரவள்ளி லோடும் நெல் லோடும் வந்து மேடையில் ஏறும். இவர் உள்ளே உட்கார்ந்து நம்பரைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். நாள் முழுக்க நம்பர் பார்த்த கண். வீட்டுக்கு வந்தும் ஒரு நம்பர் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அதற்கு எங்கள் மீட்டர் கிடைத்தது.

பேர் வந்த கதை இது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள். ஐநூறு யூனிட் வரை ஒரு ரேட். ஐநூற்றொன்று ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. முன்னால் ஓடினதுக்கும் சேர்த்து ஏறும். தனிக் குடித்தனத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. நாலு குடித்தனம் ஒரு மீட்டரில் ஓடினால் ஒவ்வொரு தடவையும் விளிம்பில்தான் நிற்கும்.

ஐநூறு இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"இன்னா நாயம் இது? ஒருத்தன் ஒரு இட்லி ஜாஸ்தி துன்னுட்டான்னு, மொதல்ல துன்ன இட்லிக்கெல்லாம் தோச வெலயா போடுவான்?"

அதனால் தாண்டவிடக் கூடாது என்று முடிவு செய்தார். எங்களுக்கும் சேர்த்து முடிவு செய்தார்.

காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மீட்டர் பார்ப்பார். அதில் ஒரு சிவப்பு லைட் மினுக்கும். மினுக்குகிற வேகத்தை வைத்து எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லுவார்.

"அஞ்சல, உளுந்து பொங்கிடுச்சு. எடு, போதும்."

"உன் வூட்டு உளுந்தா? போய்க்கினே இரு."

அக்கா திட்டிவிட்டுப் போய்ப் பார்ப்பார். உளுந்து பஞ்சாகப் பொங்கியிருக்கும். அது அக்காவுக்கு இன்னும் கோபம்.

ஐநூறு டிவி பார்ப்பது பாய் வீட்டில். அதில் அவருக்குக் குற்றவுணர்ச்சி கிடையாது. "ஓடறதத்தான பாக்கறேன்." ஆனால் விளம்பரம் வந்தால் எழுந்துபோய் நிறுத்திவிடுவார். எத்தனை விளம்பரம் என்று மனக்கணக்குப் போட்டு, முடியும் நேரத்தில் திரும்பப் போடுவார். ஷபானா, "மாமா, இப்ப போடல, கத்திடுவேன்" என்பாள். பெரும்பாலும் சரியான நேரத்தில்தான் போடுவார். ஒருமுறை கடைசி ஓவர் போய்விட்டது. பாய் ஒரு வாரம் பேசவில்லை.

ஐநூறின் போர்ஷனில் ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. பேன் கிடையாது. "கண்ண மூடிக்கினு தூங்கறதுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார். கொசுவுக்கு என்ன பதில் என்று நான் கேட்டதில்லை.

இன்னொரு பழக்கம். ஆளைப் பார்த்ததும் எடை சொல்லுவார். என் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, தூக்கக்கூட இல்லை, எட்டிப் பார்த்தார். "ரெண்டு எண்ணூறு" என்றார். ஆஸ்பத்திரி அட்டையில் ரெண்டு எண்ணூற்றைம்பது இருந்தது. காட்டினேன்.

"துணிய கழிச்சாங்களா?" என்றார்.

கழித்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்கும் பட்டது.

பதினோரு வருஷத்தில் ஐநூறைத் தாண்டியதில்லை. பில் தேதி தவறியதில்லை. ரீடிங் எழுதுகிற அட்டை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சட்டை துவைக்கிற அன்று தலையணைக்கு அடியில். ஒருமுறை நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் தப்பித்தோம். அன்று நாலு வீட்டுக்கும் போண்டா வாங்கி வந்தார். அவர் கைக்காசு செலவானதை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது.

ரீடிங் எடுக்கவேண்டிய நாள். போன ரீடிங்கைக் கழித்தால் மீட்டரில் நானூற்று எண்பத்தெட்டு. ஐநூறு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றார். வெயில் ஏறியது. ரீடிங்காரர் வரவில்லை. மத்தியானம்தான் சேதி வந்தது. வடக்கனந்தல் ரோட்டில் நாய் குறுக்கே வந்து வண்டியோடு விழுந்துவிட்டாராம். கால் எலும்பு முறிந்துவிட்டது.

ஐநூறுக்கு முகமே செத்துவிட்டது. "வண்டி எடு தம்பி" என்றார். ஒரு பன்னும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரீடிங்காரர் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஐநூறு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கினார்.

"எப்ப சார் எழுந்து நடப்பீங்க?"

"ரெண்டு மாசம் ஆவும்னாங்க."

"ரெண்டு மாசமா!" சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

ரீடிங்காரர் மனம் நெகிழ்ந்துவிட்டார். "கூடப் பொறந்தவன்கூட இப்டி கலங்கலீங்க" என்றார்.

ஐநூறு குரலைத் தாழ்த்தினார். "சார், கையி நல்லாத்தான கீது? நம்பர நான் சொல்றேன். நீங்க படுத்துக்கினே அட்டைல எழுதிடுங்க. நானூத்தி எம்பத்தெட்டு."

அட்டையையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். ரீடிங்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தோம். பன்னை ஐநூறு திரும்ப எடுத்துக்கொண்டார்.

பதில் ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் இருந்தது பன்னிரண்டு யூனிட். நாலு குடும்பம். வெளியே கத்திரி வெயில்.

ஐநூறு நடையில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பன்னெண்டு கீது. எத்தன நாளுக்குன்னு தெரியாது. கிரைண்டர் வாணாம். பிரிட்ஜு வாணாம். பேனு வாணாம். ராத்திரி ஆளுக்கு ஒரு லைட்டு."

"அப்ப மாவு?" என்றார் அஞ்சலை அக்கா.

"மில்லுல குடு."

"பிரிட்ஜுல கறி இருக்கேய்யா" என்றார் பாய்.

"துன்னுடுங்க."

அன்று நாலு வீட்டிலும் பாய் வீட்டுக் கறிதான். குறை சொல்ல முடியாது, நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்துதான் கஷ்டம்.

செல்போன் சார்ஜுக்கும் தடை. காலையில் மஞ்சள் பையோடு வந்து எல்லார் செல்லையும் வாங்கிக்கொள்வார். எடை மேடையில் சார்ஜ் போட்டு சாயங்காலம் கொண்டுவந்து தருவார். இடையில் வருகிற போனையெல்லாம் அவரே எடுத்துப் பேசுவார். அஞ்சலை அக்காவுக்கு வந்த மாவு ஆர்டரில் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஒருநாள் பாயின் செல்லுக்கு ஒரு போன் வந்தது. எடை மேடைக்கு எதிரில் அன்று எனக்கு வேலை. டீ குடிக்கப் போனவன் பக்கத்தில்தான் நின்றேன். பாயின் செல் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"உளுந்தூர்பேட்டைலர்ந்து பேசறோம் பாய். பொண்ணு பாக்க இந்த வெள்ளிக்கிழம வரலாம்னு இருக்கோம்."

"பாய் இல்லீங்க. அவரு செல்லு மட்டும்தான் இங்க கீது. எத்தன பேரு வரீங்க?"

"பதினோரு பேரு."

"பதினோரு பேருன்னா ரெண்டு பேன் ஓடணுமே." கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "வாணாங்க. இந்த வெள்ளிக்கெழம வராதீங்க."

"ஏங்க, வீட்ல எதாச்சும்...?"

"ரீடிங் எடுக்கலீங்க. அடுத்த மாசம் வாங்க. தாராளமா காத்து வரும்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஷபானாவுக்கு இது மூன்றாவது இடம். முதலில் வந்தவர்கள் வீடு சின்னது என்றார்கள். ரெண்டாவதாக வந்தவர்கள் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது என்றார்கள். பெண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டைத்தான் சொன்னார்கள். இந்த இடத்தை பாய் ஒரு வருஷமாகப் பேசிக் கொண்டுவந்திருந்தார்.

சாயங்காலம் நடையில் பாயின் சத்தம்.

"என் பொண்ண பாக்க வர்றவங்கள வராதன்னு சொல்ல நீ யாருய்யா?"

"வராதன்னு சொல்லல பாய். ரீடிங் முடிஞ்சி வாங்கன்னேன்."

"உன் மீட்டர்ல இடி வுழ!"

"வுழாது பாய். எர்த்து போட்டுக்கீது."

நல்லவேளை, உளுந்தூர்பேட்டைக்காரர்கள் பெரிய மனசுக்காரர்கள். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். பாய் மூச்சு விட்டார். ஐநூறும் மூச்சு விட்டார். அது வேறு காரணம்.

இனி என் பங்கு.

குழந்தைக்கு வேர்க்குரு. கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது. மத்தியானத்தில் ஓடு தகிக்கும். பிள்ளை வீறிட்டு அழும். செல்வி விசிறியால் வீசி வீசிக் கை ஓய்ந்துபோனாள். முதல் நாளே என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "போடு" என்றேன். ஒரு வார்த்தை.

ஐநூறு எடை மேடைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேன் போடுவோம். மூன்று மணி நேரம். அவர் வருவதற்குள் நிறுத்திவிடுவோம். நான் வீட்டில் இருக்கிற நாளில் பேன் இறக்கையைக் கையால் பிடித்து நிறுத்துவேன். அது தானாக நிற்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை. பயம் என்றும் சொல்லலாம்.

ஒன்பது நாள் போனது. தினமும் அவர் அறிவிப்பார். "எட்டு கீது." "அஞ்சு கீது." "ரெண்டுதான் கீது." ஒன்பதாம் நாள் காலையில் மீட்டரில் ஐநூறு. சரியாக ஐநூறு. அவர் மீட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

"இன்னும் தாண்டல. இன்னிக்கு ஒருநாளு யாரும் சுவிட்சு பக்கம் போவாதீங்க" என்றார். மெயினை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். நிறுத்தவில்லை. எங்கள் மேல் நம்பிக்கை.

மத்தியானம் பிள்ளை அழுதது. செல்வி என்னைப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். பதில் ஆள். மீட்டரைப் பார்த்து எழுதினாள். ஐநூற்று ஒன்று.

ஐநூறுக்கு எப்படியோ தெரிந்து ஓடிவந்தார். "கண்ணாடிய தொடச்சிட்டு பாரும்மா" என்றார். அவளும் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "அதேதான் அண்ணா." அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐநூறு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல் இருந்தது. நான் பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையில் ஆணியே இல்லை.

அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியம். மறுநாளே கரண்டு ஆபீசுக்குச் சண்டைக்குப் போய்விட்டார்.

"சார், நான் எட மேட. சரக்கோட வண்டி பதினெட்டு டன்னுன்னு வெச்சிக்கங்க. வண்டிய கழிக்காம மொத்தமும் சரக்குன்னு சீட்டு எழுதினா என்ன உள்ள தள்ளுவாங்க. நீங்க ஒம்பது நாளு லேட்டா எடுத்தீங்க. அந்த ஒம்பது நாளு வண்டி. கழிச்சாத்தான் சரக்கு."

"அண்ணே, இது லாரி இல்ல."

"லாரி நல்லது சார். அது கழிக்கவுடும்."

மனு எழுதினார். எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். பதில் வரவில்லை என்று இன்னொன்று. பிறகு மூன்றாவது. முகவரிக்குக் கீழே மொத்தம், கழிவு, நிகரம் என்று மூன்று வரி போடுவார். பில் கட்டவில்லை.

அஞ்சலை அக்கா வந்து சொல்லிப் பார்த்தார். "ஆளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும். ஆவட்டுமே. கட்டித் தொல."

"காசு இல்ல அஞ்சல. கட்டிட்டா ஒத்துக்கினா மாரி. அட்டைல ஐநூத்தொண்ணு நின்னுடும். நான் செத்தாலும் நிக்கும்."

"அப்ப அட்டைய உன்கூடவே வெச்சிப் பொதைக்கறேன்."

பாய் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். அட்டை ஐநூறின் சட்டைப் பையில் இருந்தது. அட்டையைக் கேட்டால் பையைக் கையால் பொத்திக்கொண்டார். நானும் ஒருநாள் சொல்லப் போனேன். "அண்ணே" என்றேன். "இன்னா தம்பி?" என்றார். "ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

கடைசித் தேதி போனது. பெண் பார்க்க வருவது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லைன்மேன் வந்தார்.

"பில்லு கட்டலியாம்ல. பீஸ எடுத்துக்கினு வரச் சொன்னாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மீட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ் கம்பி இருக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு போனார். வெண்டைக்காய் பறிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் ஐநூறு வந்தார். வழக்கம்போல் முதலில் மீட்டர். அதில் ஒன்றும் இல்லை. கறுப்பாக இருந்தது. துண்டால் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"நம்பரு இல்ல" என்றார்.

"பீச புடுங்கிட்டாங்க" என்றேன்.

அவர் அங்கேயே நின்றார். பதினோரு வருஷத்தில் அந்த மீட்டர் அவருக்கு நம்பர் காட்டாத முதல் நாள். சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

பாய் வெளியே வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். பாய் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷபானா வந்து நின்றாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"மொத வந்தவங்க வூடு சின்னதுன்னாங்க. ரெண்டாவது வந்தவங்க ரோடு தூரம்னாங்க. நாளிக்கு வர்றவங்க, கரண்டு பில்லு கட்ட வக்கில்லாத வூடுன்னு போவாங்க. அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிடுங்க. அத்தாவால முடியாது."

படியில் இருந்த அப்பாவைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐநூறு அட்டையை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பப் பையில் வைத்தார்.

"காலைல வண்டி எடு தம்பி."

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே நின்றோம். கவுண்டர்காரர், "உங்க மனு இஞ்சினியர் மேடம் மேசைல இருக்கு. அது முடியாம பில்லு வாங்க முடியாதுண்ணே" என்றார். மேடம் பத்தரைக்கு வந்தார். சின்ன வயசு. மூன்று எடைச் சீட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார். அடியில் கையெழுத்து, பெயர். அப்போதுதான் அவர் நிஜப் பெயரைப் பார்த்தேன். அவருக்குப் பொருத்தமாகவே இல்லை. அன்றே மறந்துவிட்டேன்.

"ஒம்பது நாள் லேட்டு. அது உண்மைதாங்க" என்றார் மேடம். "ஆனா ஒம்பது நாளைக்கு பதிமூணு யூனிட்டுதான் ஓடியிருக்கு. நாலு குடும்பம்னு போட்டிருக்கீங்க. எப்படிங்க முடிஞ்சுது?"

"முடிஞ்சுது மேடம்." ஐநூறின் குரலில் பெருமை.

"அவ்ளோ கட்டுப்பாடா இருந்துட்டு, கடைசி ஒரு யூனிட்டு எப்டித் தாண்டுச்சு? வீட்ல யாராச்சும் எதையாச்சும் போட்டாங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் ஐநூறு பேசிவிட்டார்.

"நான்தான் மேடம்."

"நீங்களா?"

"வேலைலர்ந்து வந்தேன். அசதி. பேன் போட்டுக்கினு தூங்கிட்டேன். தப்புதான். மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

அவர் வீட்டில் பேனே கிடையாது.

மேடம் கையெழுத்துப் போட்டார். ஐநூறு கவுண்டரில் போய்ப் பில் கட்டினார். அபராதமும் கட்டினார். ரசீதை மடித்துப் பையில் வைத்தார். அட்டையில் ஐநூற்று ஒன்று நின்றுவிட்டது.

பீஸ் கட்டை லைன்மேன் பையில். லைன்மேன் வடக்கனந்தல் பக்கம் வேலையில். கிளம்பினோம். என் டிவிஎஸ் ரெண்டு ஆளை வைத்துக்கொண்டு முனகியது.

"எழுவத்தி ரெண்டும் அம்பத்தெட்டும். அதுக்கு மேல தாங்காது" என்றார் பின்னால் இருந்து.

ஒரு மைல் ஓடியது. பிறகு அவராகச் சொன்னார்.

"ஒரு பேனு. மத்தியானத்துல மூணு மணி நேரம். ஒம்பது நாளு. ரெண்டு யூனிட்டு. ஐநூத்தொண்ணுல ரெண்டு போனா நானூத்தி தொண்ணூத்தொம்போது." கொஞ்சம் நிறுத்தினார். "மொத நாளே லைட்டு மினுக்கறதுல தெரிஞ்சிபோச்சு. செல்லு எடுக்க மறந்துட்டு மத்தியானம் திரும்பி வந்தேன்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"வேர்க்குரு எறங்கிச்சா?" என்றார்.

"ம்" என்றேன்.

"கழுத்துல?"

"எறங்கிடுச்சுண்ணே."

"அது போதும்" என்றார்.

லைன்மேன் ஒரு புளியமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். தேடி அலைந்ததில் மணி ஒன்றரை. "துன்னுட்டு வரேங்க" என்றார். ஐநூறு அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். தண்ணி பாட்டிலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டார். லைன்மேன் பாதியில் மூடிவிட்டார். "இப்டி பாத்தா எப்டிங்க எறங்கும்?" என்றபடி எழுந்தார்.

ரெண்டே முக்காலுக்குப் பீஸ் உள்ளே போனது. மீட்டர் உயிர் பெற்றது. சிவப்பு லைட் மினுக்கியது. மூன்றுக்கு உளுந்தூர்பேட்டை வேன் வந்து நின்றது. பதினோரு பேர் என்றவர்கள் பதினான்கு பேர். பாய் வீட்டில் ரெண்டு பேனும் முழு வேகம். போதவில்லை. அஞ்சலை அக்கா தன் டேபிள் பேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கொஞ்சம் தயங்கி ஐநூறைப் பார்த்தேன்.

"உன் வூட்டு பேனையும் போடு. கதவ தொறந்து வெச்சிப் போடு. பொம்பளைங்க உக்காருவாங்க" என்றார்.

மினுக்கு லைட் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்தது. ஐநூறு மீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடையில் நின்றார். மூன்று மணி நேரம் அப்படியே நின்றார். ஒரே ஒருமுறை தலை திரும்பப் பார்த்தது. தானே பிடித்து நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்து கை கழுவினார். "சின்ன வூடா இருந்தாலும் காத்து நல்லா வருதுங்க" என்றார்.

"வரும்ங்க. நம்ம வூட்ல அதுக்கெல்லாம் கணக்கே பாக்கறது இல்ல" என்றார் ஐநூறு.

அஞ்சலை அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

இடம் முடிந்தது. அன்று ராத்திரி பாய் வந்து ஐநூறின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஐநூறு மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"மாப்ள அறுவத்தெட்டு கிலோ பாய். நல்ல எட" என்றார்.

அப்புறம் எல்லோரும் பிரிந்தோம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தது போதும் என்று வீட்டை விற்றுவிட்டார். நான் ஊர் ஓரமாக ஒரு சின்ன வீடு கட்டினேன். சென்ட்ரிங் மட்டும் நானே அடித்தேன். மகன் இப்போது எட்டாவது. நான் படித்த அளவு படித்துவிட்டான்.

ஐநூறு கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். வெள்ளிமலைப் பக்கம் கூடப் பிறந்த அக்கா வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு வேலையாக மேலே போனவன் பார்த்துவிட்டு வந்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு அட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்டிண்ணே இருக்கீங்க?"

"இன்னாத்த சொல்றது. இங்க குளிரு. பேனே வாணாம். ரெண்டு மாசத்துக்கு நாப்பது யூனிட்டு. பில்லு ஜீரோ." அட்டையை எடுத்துக் காட்டினார். வரிசையாக ஜீரோ. "சண்ட போடறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. போர் அடிக்குது."

டீ வந்தது. குடித்தோம். கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார்.

"தனி மீட்டரா இப்ப?"

"ஆமாண்ணே."

"போன ரீடிங்கு எவ்ளோ?"

வீட்டில் இப்போது மூன்று பேன், பிரிட்ஜ், கிரைண்டர், பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர். போன ரீடிங் அறுநூற்றுப் பத்து.

"நானூத்தி தொண்ணூறுண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய பார்வை. நான் வண்டியின் செயினைக் குனிந்து பார்த்தேன். செயினில் ஒன்றும் இல்லை.

"சரி சரி" என்றார். "பையன் கழுத்துல வேர்க்குரு இல்லாம பாத்துக்க."